ஒரு பகல், இரண்டு ஊர்கள்: கோட்டோர் வளைகுடாவில் ஒரு க்ரூஸ் நாள்

க்ரூஸில், அதாவது சுற்றுலாக் கப்பலில், போகும்போது ஒரு துறைமுகத்துக்கு ஒரு பகல்தான் கிடைக்கும். அதுவும் முழுசாகக் கைக்கு வராது. எங்கள் கப்பல் மான்டினீக்ரோ நாட்டின் கோட்டோரில் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை நிற்கும் என்று அட்டவணையில் இருந்தது. ஆனால் 4.30-க்கெல்லாம் எல்லோரும் கப்பலுக்குள் இருந்தாக வேண்டும். காலையில் உள்ளூர் அதிகாரிகள் அனுமதி தந்து, வரிசை நகர்ந்து, கரையில் கால் வைப்பதற்குள் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது ஏழரை மணி நேரம், அவ்வளவுதான்.

நானும் அக்காவும் முந்தின நாள் இரவே உட்கார்ந்து பேசி, அந்த ஏழரை மணி நேரத்தை இரண்டே ஊர்களுக்குக் கொடுத்தோம். ஒன்று, கப்பல் நிற்கும் கோட்டோர். இன்னொன்று, அங்கிருந்து கரையோரமாகச் சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கும் பெராஸ்ட். புட்வா கடற்கரை, செட்டினியே என்ற பழைய தலைநகரம், லொவ்சென் மலைப்பாதை என்று விளம்பரத்தாளில் இன்னும் நிறைய ஆசை காட்டியிருந்தார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். நாலு ஊரைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பதைவிட இரண்டு ஊரில் நடந்து திரிவது மேல் என்பது என் கட்சி. அதிலும் இந்த இரண்டு ஊர்களும் ஒரே கடலோடி வரலாற்றைச் சேர்ந்தவை. ஒன்றைப் பார்த்துவிட்டுப் போனால் இன்னொன்று தானாகவே விளங்கும்.

ஊர் பார்க்கும் வேலை கரையில் இறங்கிய பிறகு தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கோட்டோரைப் பொறுத்தவரை அது சரியில்லை. கப்பல் வளைகுடாவுக்குள் நுழைந்து நகரை அடையவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்தில் கேபினில் தூங்கினால் அந்த ஊரின் பாதியை இழந்துவிடுவீர்கள். நாங்கள் விடிவதற்கு முன்பே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு முன்பக்க மேல்தளத்துக்குப் போய்விட்டோம். அக்டோபர் தொடக்கம், காற்று நன்றாகவே குளிர்ந்தது.

வளைகுடாவின் வாயில் மமுலா என்ற சின்னத் தீவு, தீவு முழுக்க ஒரு வட்டக் கோட்டை. 19-ம் நூற்றாண்டில் ஆஸ்திரியர்கள் கட்டியது. இரண்டாம் உலகப் போரில் சிறையாக இருந்தது, இப்போது ஹோட்டல். அதைத் தாண்டியதும் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வருகின்றன. இதை ஐரோப்பாவின் தென்கோடி ஃபியோர்டு என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஃபியோர்டு என்பது பனிப்பாறை குடைந்த பள்ளம். இது ஆறு அரித்த பள்ளத்தாக்கு. பிறகு கடல் மட்டம் ஏறியபோது தண்ணீர் உள்ளே புகுந்து நிரப்பிவிட்டது. அதனால்தான் நேர்கோட்டில் போகாமல் வளைந்து வளைந்து, அறைக்குள் அறை போல, ஒரு விரிகுடாவுக்குள் இன்னொரு விரிகுடாவாகத் திறக்கிறது.

வெரிகே நீரிணையில் அகலம் சுமார் 340 மீட்டர்தான். பல மாடிக் கப்பல் அதற்குள் நுழையும்போது கரையிலிருக்கும் வீட்டு மாடியில் துணி காய்வது தெரிகிறது. எதிரிக் கப்பல்கள் வராமல் இருக்க முற்காலத்தில் இங்கே சங்கிலி கட்டித் தடுத்தார்கள் என்பது மரபு. அந்த இடுக்கைத் தாண்டியதும் நேர் எதிரே பெராஸ்ட். முன்னால் தண்ணீரில் இரண்டு தீவுகள். ஒன்றில் கரும்பச்சை சைப்ரஸ் மரங்கள், இன்னொன்றில் நீலக் குவிமாடம் வைத்த கோயில். அப்புறம் கப்பல் வலப்பக்கம் திரும்பிக் கோட்டோரை நோக்கிப் போகிறது. திரும்பும்போது பெராஸ்ட் இடப்பக்கம் வரும் என்பதால் உள்ளே வரும்போது இடப்பக்கத் தளத்தில் நிற்பது நல்லது.

அங்கே நின்று பார்த்தபோது ஒன்று எனக்கு நன்றாக உறைத்தது. இந்த ஊர்கள் கடலிலிருந்து பார்ப்பதற்காகவே கட்டப்பட்டவை. பெராஸ்ட்டில் மாளிகைகளின் முகப்பு, பால்கனி, குடும்பச் சின்னம் எல்லாமே தண்ணீரைப் பார்த்து இருக்கின்றன. 55 மீட்டர் உயர மணிக்கூண்டு தூரத்திலிருந்து வரும் மாலுமிக்கு அடையாளம். கோட்டோரின் தலைவாசல் கடல் வாசல். சாலை வழியாக வருபவர்கள் வீட்டின் கொல்லைப்புறமாக நுழைகிறார்கள். கப்பலில் வருபவர்களுக்குத்தான் வாசல் வழியாக வரும் பாக்கியம்.

சரி, கரைக்கு வருவோம். கோட்டோரில் சில கப்பல்கள் பழைய நகரின் மதிலுக்கு எதிரிலேயே கரையோரமாக நிற்கும், சில வளைகுடாவில் நங்கூரமிட்டு டெண்டர் எனும் சிறு படகில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். உங்கள் கப்பல் எந்த வகை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டெண்டர் என்றால் டோக்கன் முறை இருக்கும். கப்பலின் சுற்றுலாவில் போகிறவர்களை முதலில் விடுவார்கள், தனியாகப் போகிறவர்களுக்கு அதற்குப் பிறகுதான் இடம். எங்களுக்குக் கரையோரமே கிடைத்ததால் சீக்கிரம் இறங்கிவிட்டோம்.

இறங்கியதும் கண் முன்னால் கோட்டோர் மதில். ஆனாலும் நாங்கள் உள்ளே போகவில்லை, நேராகப் பெராஸ்ட்டுக்குப் பேருந்து பிடித்தோம். க்ரூஸ் நாளில் நான் கைவிடாத ஒரு வழக்கம் இது: தூரத்து ஊர் முதலில், கப்பலுக்குப் பக்கத்து ஊர் கடைசியில். தாமதம் எங்கே நேர்ந்தாலும், மதியத்துக்குப் பிறகு நாம் கப்பலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்போம். நீங்களாகவே ஊர் சுற்றப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால்தான் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தச் சுற்றுலாக்களின் விலை கூடுதலாக இருப்பதில் இந்த நிம்மதிக்கான விலையும் அடக்கம். தூரம் அதிகமான இடம் என்றால் நானும் அதையே எடுப்பேன். 12 கிலோமீட்டருக்குத் தேவையில்லை.

பேருந்து மேல்சாலையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து கல்படிகளில் இறங்கினால் கடலோரத் தெரு. பெராஸ்ட் அந்த ஒற்றைத் தெருதான். இன்று அங்கே வாழ்பவர்கள் சில நூறு பேர்தான். ஆனால் 18-ம் நூற்றாண்டில் இந்தக் குட்டி ஊருக்கு நான்கு கப்பல் கட்டும் தளங்களும் ஏறக்குறைய நூறு கப்பல்களும் இருந்தன. 1420 முதல் 1797 வரை இந்த வளைகுடா வெனிஸ் குடியரசின் கையில் இருந்தது. பக்கத்துக் கரைகள் நெடுங்காலம் துருக்கியரின் ஒட்டோமான் ஆட்சியில் இருந்ததால் பெராஸ்ட் எல்லைக்காவல் ஊர். 1654-ல் வந்த பெரிய தாக்குதலை இந்த ஊர்க்காரர்களே முறியடித்தார்கள். ரஷ்யாவின் ஜார் மன்னர் மகா பீட்டர் 17-ம் நூற்றாண்டின் இறுதியில் தன் நாட்டுப் பிரபுக்களின் பிள்ளைகளைக் கப்பல் கலை படிக்க அனுப்பினார். அவர்களுக்குப் பாடம் சொன்னவர் இந்த ஊர்க்காரரான மார்கோ மார்ட்டினோவிச். 1694-ல் கட்டிய புயோவிச் மாளிகை இப்போது ஊர் அருங்காட்சியகம். மாடி ஜன்னலில் நின்றால் அந்த இரண்டு தீவுகளும் எதிரே தெரியும். அந்த ஜன்னலுக்காகவே உள்ளே போகலாம்.

தீவுக்குப் படகு அந்தத் தெருவிலேயே கிடைக்கிறது. முன்பதிவு எதுவும் வேண்டாம். படகுக்காரர்களே கூப்பிடுவார்கள், போய்வரச் சேர்த்துக் கட்டணம், ரொக்கமாக. மான்டினீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனாலும் பணம் யூரோதான். ஐந்து, பத்து யூரோ நோட்டுகளாக வைத்துக்கொண்டால் சில்லறைத் தொல்லை இல்லை. சில நிமிடப் பயணம்தான்.

சைப்ரஸ் மரங்கள் இருக்கும் புனித ஜார்ஜ் தீவு இயற்கையானது. பழைய மடமும் கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. படகுகள் நம்மை அங்கே இறக்குவதில்லை. இறங்குவது பாறை மாதா தீவில். அந்தத் தீவை மனிதர்களே உண்டாக்கினார்கள். 1452 ஜூலை 22 அன்று மீன்பிடிக்கப் போன சகோதரர்களுக்கு ஒரு பாறையின் மேல் மாதா படம் கிடைத்தது என்பது அந்த ஊரின் நம்பிக்கை. அன்றிலிருந்து, கடலுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பியவர்கள் அந்தப் பாறையைச் சுற்றிக் கல் போட்டுக்கொண்டே வந்தார்கள். கல் நிரப்பிய பழைய கப்பல்களையும் கொண்டுவந்து மூழ்கடித்தார்கள். கோயில் நிற்கும் அளவுக்கு நிலம் உயரும்வரை பல தலைமுறைகள் இதைச் செய்திருக்கின்றன. இன்றும் ஒவ்வொரு ஜூலை 22 மாலையிலும் படகுகளை வரிசையாகக் கட்டி, கல் ஏற்றிக்கொண்டு போய்த் தீவைச் சுற்றிப் போடுகிறார்கள். ஃபாஷினாடா என்று அதற்குப் பெயர்.

கோயிலுக்குள் சுவரைச் சுற்றி வரிசையாக வெள்ளித் தகடுகள், சுமார் 2,500. ஒவ்வொன்றும் ஒரு நேர்த்திக்கடன். கிட்டப்போய்ப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் ஒரு கப்பல், எழும்பிய அலை, மேகத்துக்குள் மாதா. பாய் கிழிந்த கப்பல், சாய்ந்த கப்பல், எதிரிகள் சூழ்ந்த கப்பல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். பிழைத்து வந்த ஒவ்வொருவரும் தான் பிழைத்த அந்த நேரத்தைத் தகட்டில் அடித்துக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். முந்தின இரவு இதே ஏட்ரியாட்டிக் கடலில்தான் நாங்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஆட்டமே தெரியாமல் தூங்கிக்கொண்டு வந்தோம். மேலே சுவரிலும் கூரையிலும் 68 ஓவியங்கள். பெராஸ்ட்டிலேயே பிறந்த டிரிபோ கொகோலியா வரைந்தவை. எனக்கோ தகடுகளை விட்டு நகர மனம் வரவில்லை.

அக்கா நின்றது வேறிடத்தில். யாசின்தா குனிச் என்ற பெராஸ்ட் பெண் செய்த ஒரு பூத்தையல் படம் அங்கே இருக்கிறது. கடலுக்குப் போன தன் மாலுமிக்காகக் காத்திருந்தபடி 25 வருடம் தைத்தார் என்கிறார்கள். பட்டு நூலோடும் பொன் நூலோடும் தன் தலைமுடியையும் சேர்த்துத் தைத்திருக்கிறார். சின்னச் சின்ன தேவதைகளின் தலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தால் முடியின் நிறம் பொன்னிறத்திலிருந்து நரைக்குப் போவதைப் பார்க்க முடிகிறது. "ஊசியைப் பாருடி, எவ்வளவு நெருக்கமா இறங்கியிருக்கு" என்று அக்கா மெதுவாகச் சொன்னாள். அவளும் தைப்பவள். படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். அவளை அவசரப்படுத்தாமல் இருக்க முடிந்ததற்குக் காரணம் நாங்கள் சீக்கிரம் வந்ததுதான். கோயில் மிகச் சின்னது. பெரிய குழுக்கள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டால் நெருக்கியடித்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும். தோளும் முழங்காலும் மறையும் உடை போட்டுக்கொண்டு போங்கள். ஒரு துப்பட்டாவைப் பையில் வைத்திருந்தால் போதும்.

திரும்பும்போது சாலையில் நெரிசல். வளைகுடாவைச் சுற்றிப் போகும் அந்தச் சாலை குறுகலானது. எதிரே ஒரு சுற்றுலாப் பேருந்து வந்தாலே ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். போகும்போது இருபது நிமிடத்தில் போன தூரத்துக்கு இப்போது அதைப்போல் இரண்டு மடங்கு ஆனது. நண்பகலுக்கு முன்பே கிளம்பியிருந்ததால் பதற்றம் இல்லை. இதே நெரிசலில் மூன்றரை மணிக்கு மாட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோட்டோர் பழைய நகரம் ஒரு முக்கோணம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஸ்குர்தா ஆறு, பின்னால் செங்குத்து மலை. நுழைவது 1555-ல் கட்டிய கடல் வாசல் வழியாக. வாசலுக்கு மேலே 21.11.1944 என்று தேதி செதுக்கியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நகரம் விடுதலையான நாள். உள்ளே நுழைந்ததும் ஆயுதச் சதுக்கம், 1602-ல் எழுந்த மணிக்கூண்டு, அதன் காலடியில் குற்றவாளிகளைக் கட்டி ஊர் பார்க்க நிறுத்திய கல். அதற்கப்பால் சந்துகள். வரைபடத்தை மூடி வைத்துவிடுங்கள். எந்தச் சந்தில் போனாலும் ஒரு சின்னச் சதுக்கத்தில் கொண்டுபோய் விடும். மாவு விற்ற இடம் மாவுச் சதுக்கம், பால் விற்ற இடம் பால் சதுக்கம். மதில் சுற்றி இருப்பதால் தொலைந்துபோக வழியில்லை. பூனைகள் எங்கும் படுத்திருக்கின்றன, ஊரே அவற்றுக்குச் சோறு போடுகிறது.

புனித டிரிஃபோன் பேராலயம் 1166-ல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் கதையும் கடலில்தான் தொடங்குகிறது. 809-ல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வெனிஸுக்குப் போன வணிகர்கள் புயலுக்கு ஒதுங்கி இங்கே வந்தபோது, அவர்களிடமிருந்த புனிதரின் எலும்புகளைக் கோட்டோர் மக்கள் விலைக்கு வாங்கினார்கள் என்பது மரபு. 1667 நிலநடுக்கத்தில் முகப்புக் கோபுரங்கள் விழுந்து மறுபடி எழுப்பப்பட்டன. இரண்டும் இன்னும் ஒன்றுபோல இல்லை, பார்த்தாலே தெரியும். 1979 ஏப்ரல் 15 அன்று வந்த நிலநடுக்கம் நகரத்தையே உலுக்கியது. அதே வருடம் யுனெஸ்கோ கோட்டோரை உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலிலும் ஒருசேர வைத்தது. ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வர 2003 ஆனது. நீங்கள் நடக்கும் தெருக்களும் தொடும் சுவர்களும் அத்தனை வருடம் ஒவ்வொரு கல்லாகச் சரிசெய்யப்பட்டவை. பேராலயத்துக்கும் மதிலுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. கப்பலில் சாப்பாடு இருக்கிறதே என்று ஊரில் ஒரு யூரோகூடச் செலவழிக்காமல் திரும்புகிறவர்களைப் பார்க்கிறேன், எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தச் சின்ன நகரத்துக்குள் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் நுழைகிறோம். கட்டணத்தைக் கொடுத்து உள்ளே போய்ப் பார்ப்பதும், ஒரு காப்பியாவது அங்கே உட்கார்ந்து குடிப்பதும் நாம் செய்ய வேண்டியவை.

பின்னால் மலையில் ஏறும் மதிலையும் சேர்த்தால் மொத்தம் சுமார் நாலரை கிலோமீட்டர். உச்சியிலுள்ள கோட்டைக்கு ஏறக்குறைய 1,350 படிகள். அக்காவுக்கு முழங்கால் வலி. "நீ ஏறிட்டு வா, நான் இங்கேயே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன், மூணு மணிக்கு இதே இடம்" என்று பேராலய வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கூட வருபவர் எல்லாவற்றையும் கூடவே செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இரண்டு பேருக்கும் நாள் கெடும். நேரத்தையும் இடத்தையும் தெளிவாகச் சொல்லிக்கொண்டு பிரிந்துவிடலாம். நான் உச்சிக்குப் போகவில்லை. பாதி வழியில் 1518-ல் கட்டிய சின்ன மாதா கோயில் வரை போய்த் திரும்பினேன். சிவப்பு ஓட்டுக் கூரைகளும் முக்கோண மதிலும் அதற்கு எதிரே நம் கப்பலும் அங்கிருந்தே நன்றாகத் தெரிகின்றன. நேரம் குறைவென்றால் அதுவே போதும்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். கோட்டை உச்சிதான் உங்கள் முதல் ஆசை என்றால் எங்கள் வரிசை உங்களுக்குப் பொருந்தாது. மலை நகரத்துக்குக் கிழக்கே இருப்பதால் காலையில் அந்தப் படிகளில் நிழல் இருக்கும், மதியத்துக்குப் பிறகு வெயில் நேராக அடிக்கும். கோடையில் பிற்பகலில் ஏறுவது உடம்புக்கு ஆகாது. அப்படிப்பட்டவர்கள் இறங்கியதும் முதலில் மலை ஏறிவிடுங்கள். பெராஸ்ட்டை விட்டுவிடலாம், அல்லது கப்பல் சுற்றுலாவில் போகலாம். படிகளும் தெருக் கற்களும் காலங்காலமாக நடந்து நடந்து வழவழப்பாகிவிட்டன. நல்ல பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ கட்டாயம். மழை பெய்தால் இன்னும் கவனம். இந்த வளைகுடாவுக்கு மேலே மலையிலிருக்கும் க்ர்க்விட்சே ஐரோப்பாவிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. இலையுதிர் காலத்தில் போகிறவர்கள் மழைக்கோட்டை மறக்காதீர்கள்.

கடைசியாக, கப்பலேறும் முன்பே பார்த்துவைக்க வேண்டியவை. ஐரோப்பா முழுக்க வேலை செய்யும் என்று வாங்கிய சிம் மான்டினீக்ரோவில் வேலை செய்யாமல் போகலாம், திட்டத்தில் அந்த நாடு இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தை முதல் நாளே போனில் இறக்கிவைத்துவிடுங்கள். கப்பலில் இருக்கும்போது போனை ஏரோப்ளேன் மோடில் வைக்காவிட்டால் கடல்வழி நெட்வொர்க்கில் சேர்ந்து பெரிய பில் வரும். கிரீஸிலிருந்து வரும் கப்பல் என்றால் மான்டினீக்ரோ நேரம் ஒரு மணி நேரம் பின்னால். திரும்பி வர வேண்டியது கப்பல் நேரத்திலா உள்ளூர் நேரத்திலா என்று இறங்கும் வாசலில் கேட்டு உறுதிசெய்துகொண்டு, கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

விசா எல்லாவற்றையும்விட முக்கியம். இத்தாலியும் கிரீஸும் ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு), 2023 ஜனவரி 1 முதல் குரோஷியாவும். மான்டினீக்ரோ ஷெங்கனில் இல்லை. அதனால் வெனிஸ் பக்கம் கப்பலேறிக் கோட்டோர் போய்விட்டு மறுபடி குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கிலோ கிரீஸின் கோர்ஃபுவிலோ இறங்கினால் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியே போய் மறுபடி நுழைகிறீர்கள். ஒற்றை நுழைவு விசா வாங்கியிருந்தால் அங்கே சிக்கல். விண்ணப்பிக்கும்போதே கப்பலின் முழுப் பயணத் திட்டத்தையும் இணைத்து, பலமுறை நுழைவு விசா கேளுங்கள். மான்டினீக்ரோவுக்கான நுழைவு விதியையும் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு ஏற்றபடி கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.